இருந்தால் நல்லது

பஸ் பயணம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் தொடக்கம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரியலூரில் கல்லூரி வேலை, கூப்பிடும்போதெல்லாம் பெரம்பலூரில் ஓர் அரசு அலுவலகம். நாற்பத்தெட்டு வயதில் நின்றுகொண்டே போய் வந்தால் இடுப்பு விட்டுப்போகும்.

2004-இல் அந்த அலுவலகத்துக்காக ஆர் என்ற கணினி மொழியில் புள்ளியியல் கணக்குப் போடும் நிரல் தொகுப்பு, அதாவது பேக்கேஜ், ஒன்று எழுதினேன். கல்லுடைக்கும் ஆலைக்குப் பக்கத்து ஊர்க்காரர்களைக் குழாயில் ஊதவைத்து, அவர்கள் மூச்சை ஒரு வருட இடைவெளியில் இரண்டு தடவை அளந்திருந்தார்கள். மூச்சு குறைந்திருந்தால் ஆலை தூசி வடிகட்டி வைக்க வேண்டும். குறையாவிட்டால் கோப்பை மூடிவிடலாம். அளந்தவர் கொளஞ்சி, அந்த ஊர் சுகாதாரப் பணியாளர். அவர் கணவர் ஆண்டவர் அதே ஆலையில் கல் சுமந்தவர்.

முதல் தடவை முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். இரண்டாம் தடவை நாற்பத்தொரு பேர் வரவில்லை. செத்தவர்களும் படுத்துவிட்டவர்களும் வந்து குழாயை ஊத முடியாது. ஆண்டவர் படுத்துவிட்டவர்களில் ஒருவர். இவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் ஊரே நலம் என்றுதான் வரும். விடுபட்டவர்களையும் சேர்த்துக் கணக்கிட, வேறொருவர் எழுதிய பேக்கேஜ் உண்டு. என்னுடையது அதை நம்பித்தான் நின்றது.

எங்கள் தொழிலில், ஒரு பேக்கேஜ் நம்பியிருக்கும் மற்ற பேக்கேஜ்களுக்கு இரண்டு பட்டியல்கள். முதலாவதில் உள்ளது இல்லாவிட்டால் நம் பேக்கேஜ் கணினியில் ஏறவே ஏறாது. இரண்டாவதில் உள்ளது இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது. விடுபட்டவர்களைச் சேர்க்கும் அந்தப் பேக்கேஜை நான் முதல் பட்டியலில்தான் வைத்திருந்தேன். ஆனால் அலுவலகக் கணினியில் இணையம் கிடையாது. அந்தப் பேக்கேஜ் ஏற இன்னொரு பேக்கேஜ் வேண்டும், அந்த இன்னொன்றுக்கு மற்றொன்று. சிடியில் எழுதி நான்கு முறை எடுத்துப் போனேன், நான்கு முறையும் ஏதோ ஒன்று குறைந்தது. ஐந்தாம் முறை போகவில்லை. அதை இரண்டாம் பட்டியலுக்கு மாற்றினேன். அது இல்லாத கணினியில், இரண்டு அளவும் உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி எழுதிக் கூரியரில் அனுப்பினேன். நாற்பத்தொரு பேர் விடப்பட்டார்கள் என்று திரையில் ஒரு வரி வரும்படியும் வைத்தேன். விசாரிக்க வந்த நீங்கள் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அலுவலக எழுத்தர் இளையபெருமாள் போன் செய்தார். "சார், ஓட்டுறப்பல்லாம் நடுவுல இங்கிலீஷ்ல என்னமோ வருது. ஆபீசர் பாத்தா கையெழுத்துப் போட மாட்டாரு. ஒரு நடை வந்துட்டுப் போங்க."

மறுபடியும் ஒரு நடை. யோசித்துப் பார்த்து, அந்த வரியை எடுத்துவிட்டு வேறு சிடி அனுப்பினேன். ஊர் நலம் என்று அறிக்கை தயாரானது.

அன்றைக்கே என் கணினியிலும் ஓட்டிப் பார்த்தேன். அதில் எல்லாப் பேக்கேஜ்களும் இருந்தன. ஊரின் மூச்சு பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கையெழுத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. எனக்கு அலுப்பாக இருந்தது, படுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் கொளஞ்சி கல்லூரிக்கே வந்தார். கையில் அளவு நோட்டு.

"முந்நூத்திப் பன்னெண்டு பேர அளந்தேன் சார். ரிப்போட்டுல எரநூத்தி எழுபத்தொண்ணுன்னு போட்டிருக்கு. எங்க வூட்டுக்காரர எங்க வுட்டீங்க?"

பேக்கேஜோடு கொடுத்த வழிமுறைக் குறிப்பில் பன்னிரண்டாம் பக்கத்தில் எல்லாம் எழுதியிருக்கிறேன் என்றேன். அவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார். அந்த வெயிலில் அவரை அனுப்பியது எனக்கும் வருத்தம்தான்.

வடிகட்டி வைக்கவில்லை. ஆண்டவர் அந்த ஐப்பசியிலேயே போய்விட்டார். இந்த மூன்று வருடத்தில் இன்னும் பத்தொன்பது பேர் என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள், சரியாகத்தான் இருக்கும்.

தெரிந்தே செய்தீர்களா என்று கேட்டீர்கள். தெரிந்தேதான் செய்தேன். ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். என் கணினியில் ஆண்டவர் இன்றைக்கும் கணக்கில் இருக்கிறார். நான் யாரையும் விட்டுவிடவில்லை.