சாமந்திக்குக் கோடை முடியவில்லை

– இந்தத் தொட்டியைப் பாரு பாப்பா. ஒரு மொட்டாவது தெரியுதா?

– இல்லப்பா. வெறும் இலைதான். ஆனா என்ன பச்சை பாருங்க.

– பச்சையை வச்சு நாக்கு வழிக்கவா? சாமந்தின்னா பூக்கணும். இந்நேரம் இந்தப் பசுமைக்குடில் முழுக்க மொட்டா நின்னிருக்கணும்.

– சூடா இருக்கும்பா. சூடு ஏறினா மொட்டு தள்ளிப்போகும்னு நீங்கதானே சொல்வீங்க.

– தெர்மாமீட்டர் பதினெட்டைத் தாண்டல. ராத்திரி நீளமா இருந்தாத்தான் மொட்டு வரும்னு கருப்புத் துணியையும் சாயங்காலம் அஞ்சுக்கு நானே இழுத்து மூடுறேன், காலையில ஏழுக்குத்தான் திறக்குறேன்.

– சரி விடுங்க. பூக்குறப்ப பூக்கட்டும்.

– எப்படி விடுறது? பூ வெட்டி முடிச்சுட்டுத்தான் வெளியூர் வேலைக்குக் கிளம்புவேன்னு நிக்கிற. அந்த ஆபீஸ்ல ரெண்டு தடவை தேதி மாத்திக் கொடுத்துட்டாங்க. இனிமே வேற ஆளை வச்சுக்குவாங்க.

– கேட்டுப் பார்க்கலாம்பா.

– பாப்பா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. ஆரம்பத்துல பூக்காததுக்கு நான்தான் காரணம்.

– நீங்க என்ன பண்ணீங்க?

– தினமும் நடுராத்திரி இங்க வந்து பல்பைப் போட்டேன். ஒரு மணி நேரம். சாயங்காலம் போட்டா செடி சட்டை பண்ணாது. அதுக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது, நடுராத்திரி எதுன்னு அதுக்குத் தெரியும். அப்போ வெளிச்சம் பட்டா, ராத்திரி குட்டையாயிடுச்சு, இன்னும் கோடைதான்னு நம்பிடும். சொல்லப்போனா, தூக்கத்துல கனவு கண்டுக்கிட்டே இலை விடும்.

– அந்த ஒரு மணி நேரமும் நீங்க என்ன பண்ணுவீங்க?

– இதோ இந்த வாளியைக் கவுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன். அந்த மஞ்சள் வெளிச்சத்துல இலைங்களைப் பார்க்கப் பார்க்க, எனக்கே கோடை முடியாத மாதிரி இருக்கும்.

– ஏன்பா இப்படி?

– பூத்தா நீ போயிடுவியே. அப்புறம் இந்த வீட்டுல அந்த ரேடியோவோட எவ்வளவு நேரம்தான் பேசுறது?

– முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல.

– எந்த மூஞ்சியோட சொல்ல? உன் பிழைப்புல மண்ணை அள்ளிப் போடுறேனேன்னு உறுத்திச்சு. நிறுத்திட்டேன். நாலு வாரமா சுவிட்ச் பக்கமே போகல. நாலு வாரம் முழு இருட்டு கிடைச்சா மொட்டு வந்தே ஆகணும். எங்கே தப்பு பண்றேன்னு புரியல.

– நீங்க ஒரு தப்பும் பண்ணலப்பா.

– பின்ன?

– நீங்க நிறுத்தின மறுநாள்லேருந்து, அந்தப் பல்பை நான் போடுறேன்.