உமிப் பெட்டிக் கோழி

— கையை எடு தங்கமணி! மூடியைப் போடாதே!

— ஈ மொய்க்குதே லாத்தா! ஊருல உள்ள ஈயெல்லாம் உங்க வீட்டுப் பந்திக்கு வந்திருக்கு. மனுஷங்கதான் வரல.

— துவைச்ச துப்பட்டி ஒண்ணு கொடியில கிடக்கு, அதை மேல விரிச்சுவிடு. இப்பத்தான் தணல்லேருந்து இறக்கியிருக்கு. சூட்டோட இறுக்கி மூடுனா ஆவி உள்ளயே நின்னு, பொழுது சாயறதுக்குள்ள கறி நுரைச்சுப்போயிடும்.

— லாத்தா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கல்யாண வீட்டுல கேக்கக்கூடாதுதான்...

— கேளு. எம்பொண்ணு கல்யாணத்துக்குக் காலையிலேருந்து மசாலா அரைச்ச கை அது. நாகூர்லேருந்து மூணு பஸ்ஸுல வர வேண்டிய சனம், ரோட்டுல இடுப்பளவு தண்ணின்னு பாதியிலயே திரும்பிப் போயிடுச்சு. மாப்பிள்ளையோட முப்பது பேரு வரப்புல நடந்து வந்து நிக்காஹ் முடிஞ்சதே அல்லா கிருபை. அடிச்சது நாப்பது கோழி, மிச்சம் இருபத்தஞ்சு. மெஹராஜ் பேகம் வீட்டுப் பந்தி காத்தாடுச்சுன்னு நாளைக்கு ஊரே பேசும். இதைவிட மோசமா என்னத்தைக் கேட்டுடப் போற?

— அந்த மிச்சத்தைக் குடுங்க லாத்தா. எங்க வயக்காட்டுக்கு.

— இன்னும் அங்கதான் குந்தியிருக்கீங்களா?

— நாலு நாளா. பதினாலு குடும்பமும். கறுப்பு சிவப்புக் கட்சி ஆட்சியில புதுசா சட்டம் வந்திருக்குல்ல, உழுவுறவன் பேரைக் குத்தகைக்காரன்னு சர்க்காரு பொஸ்தகத்துல எழுதணும்னு. நாளைக்குப் பதினோரு மணிக்குத் தாசில்தாரு நேர்ல பாக்க வர்றாரு. வயல்ல யாரு நிக்கிறாங்களோ அவங்க பேருதான். நாங்க எந்திரிச்சா பண்ணையாரு டிராக்டரை இறக்கிடுவாரு. அப்புறம் மூணு தலைமுறையா உழுததுக்கு யாரு சாட்சி?

— மருதையனை எப்ப வெளிய விடுறாங்களாம்?

— யாருக்குத் தெரியும்? பொய்க் கேசு போட்டு எம்புருஷனை உள்ள தள்ளிட்டா எங்க பங்கு காலின்னு நினைச்சாங்க. நான் போய்க் குந்திட்டேன்ல! இப்பக்கூட பக்கத்துப் பங்கு அகிலாண்டத்தை எம்பங்குல நிக்க வச்சுட்டுத்தான் வந்திருக்கேன். ஆனா நேத்தோட அரிசி தீந்துபோச்சு லாத்தா. இந்தத் தண்ணியால கடைத்தெருவுக்கும் வழியில்ல. புள்ளைங்க அழுவுது. 'பொழுது சாஞ்சா நாங்க எந்திரிச்சுடுவோம்'னு ரெண்டு வீட்டுக்காரங்க சொல்லிட்டாங்க. ரெண்டு பேரு எந்திரிச்சா பதினாலும் எந்திரிச்ச மாதிரிதான்.

— அடி பைத்தியக்காரி, இதை வந்த உடனே சொல்லக்கூடாது? அரிசி, கறி, எல்லாத்தையும் எடுத்துக்க!

— நல்லாயிருப்பீங்க! இன்னைக்குப் பாதி, நாளைக்குப் பாதி. மீன் கொழம்பு மாதிரி சட்டியிலயே கிடந்தா மறுநாளு ருசியே தனி. அப்படியே பழைய சோத்துல போட்டுப் பிசைஞ்சோம்னா...

— நில்லு, நில்லு. மீன் கொழம்புக்குப் புளி காவல் இருக்கு. தேங்காப்பால் ஊத்துன கோழிக் குருமாவுக்கு யாரு காவல்? இந்த ஆவணிப் புழுக்கத்துல விடியறதுக்குள்ள கெட்டுடும்.

— எங்களுக்கென்ன லாத்தா, கல்லைத் தின்னாலும் செரிக்கும்.

— உனக்குச் செரிக்கும். மூணு வயசுப் புள்ளைக்கு?

— அதுலயும் ஒரு சங்கதி இருக்கு. பண்ணை காரியஸ்தர் நடராசன் நேத்து வந்து மெரட்டிட்டுப் போயிருக்காரு. ஒரு புள்ள வாந்தியெடுத்தாப் போதுமாம், காலரான்னு சொல்லி வேனைக் கொண்டாந்து அத்தனை பேரையும் அள்ளிக்கிட்டுப் போயிடுவாராம்.

— அப்ப கெட்ட கறி ஒரு வாய் உள்ள போனாலும் நிலம் போச்சு.

— போச்சு.

— சரி, நான் சொல்றபடி செய். எங்க வாப்பா நாகூர்ல மீன் ஏலம் விட்டவரு. ஐஸுலயே வளந்தவ நான். சர்பத்துக்கு வாங்குன ஐஸு ரெண்டு பாளம் மரத்தூளுக்குள்ள அப்படியே கிடக்கு. குருமாவை நாளைக்கு வைக்கிற பேச்சே வேண்டாம். இப்பவே தளதளன்னு கொதிக்க வச்சுத் தர்றேன், கொண்டுபோய் நெய்ச்சோத்தோட சுடச்சுடத் தின்னு தீத்துடுங்க. மிஞ்சுனா என்ன செய்வ?

— நாய்க்குப் போடுறேன்.

— மண்ணுல பொதைச்சுடு. கோழி வறுவலும் இருக்குல்ல, நாளைக்கு வைக்கிறது அது மட்டுந்தான். அதைத் தாம்பாளத்துல பரப்பி ஆறவிடு. குமிக்காதே, குமிச்சா நடுவுல சூடு பதுங்கிக்கும். முதல்ல கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா.

— மசாலா அரைச்ச கைதானே லாத்தா?

— பச்சைக் கோழியையும் கழுவுன கை. போ. ஆறுனதும் சின்னச் சின்னத் தூக்குவாளியா எடுத்து நிரப்பு. அண்டாவுல வச்சா நடுவுக்குக் குளிர் எட்டாது. உள்ள என் சீதனப் பெட்டி இருக்கு பாரு, அதைக் காலி பண்ணு. அடியில உமி, அதுமேல ஐஸு, நடுவுல வாளிங்க, சுத்தியும் மேலயும் ஐஸு, அதுக்கு மேல ஒரு முழத்துக்கு உமி. ஐஸுத் தண்ணி ஒரு சொட்டுக்கூட வாளிக்குள்ள இறங்கக்கூடாது. எங்க வீட்டு ஆளுங்க நாலு பேரு பெட்டியை வயலுக்குத் தூக்கிட்டு வருவாங்க.

— சீதனப் பெட்டியையா? தேக்கு லாத்தா அது!

— பொண்ணையே அனுப்பி வச்சாச்சு, பெட்டி என்ன பெட்டி!

— காலையில எத்தனை மணிக்குத் திறக்கட்டும்?

— நீ திறக்காதே. உப்புப் பாக்குறேன், காரம் பாக்குறேன்னு எவளும் மூடியைத் தூக்கக்கூடாது. நானே வர்றேன்.

— நீங்களா? வயக்காட்டுக்கா? கல்யாண வீட்டுக்காரம்மா...

— பந்தி நிறையாத கல்யாண வீட்டுக்காரம்மா. நாளைக்கு நிறையட்டும்.

*

— வாங்க லாத்தா, வாங்க! சேத்துல பாத்து வாங்க. விடிஞ்சதுலேருந்து வரப்பையே பாத்துக்கிட்டிருக்கேன்.

— நேத்துக் குருமா என்னாச்சு?

— சட்டியைக் கழுவ வேண்டிய வேலையே இல்ல! எந்திரிக்கிறோம்னு சொன்னாங்களே ரெண்டு வீட்டுக்காரங்க, அவங்கதான் மூணு தரம் வாங்கித் தின்னாங்க.

— பெட்டியை யாராவது தொட்டாங்களா?

— தொடுவாங்களா? மேல நான்ல படுத்திருந்தேன்! முதுகே விறைச்சுப்போச்சு. கருக்கல்ல அகிலாண்டம் வந்து ஒரே ஒரு துண்டுன்னா. கடிச்சுப்புடுவேன்னுட்டேன்.

— வாளியைத் தொட்டுப் பாரு.

— யம்மாடி, கை விறைக்குது! வாசமும் நேத்து மாதிரியே இருக்கு.

— வாசத்தை மட்டும் நம்பாதே, மூக்கு ஏமாந்துடும். குளிர்ச்சி விடலைல்ல, அதுதான் நெசம். அடுப்பு நல்லா எரியுதா? அப்ப எலும்பை உருவி அண்டாத் தண்ணியில போடு, சாறு இறங்கட்டும். கறியைப் பிச்சு வை. பச்சரிசி, பாசிப்பருப்பு, இஞ்சி, பூண்டு கொண்டாந்திருக்கேன். எங்க நோம்புக் கஞ்சி எப்படியிருக்கும்னு உங்காளுங்களுக்குக் காட்டுறேன்.

— மத்தியானத்துக்கும் சேத்துக் காய்ச்சிடலாமா?

— வேண்டாம். ஆறவச்சுச் சுடவச்சு, மறுபடி ஆறவச்சு... அதுலதான் வம்பே வரும். ஒரே கொதி, ஒரே பந்தி.

— குமிழி வந்துருச்சு லாத்தா!

— ஓரத்துல வந்தாப் பத்தாது, நடுவுல வரணும். கிண்டு. அடிபிடிக்காம கிண்டு. இப்பக் கறியைப் போடு. இன்னும் நல்லாக் கொதிக்கட்டும்.

— புள்ளைங்க தட்டோட வந்து நிக்குதுங்க.

— முதல் கரண்டியை எனக்கு ஊத்து.

— உங்களுக்கா?

— ஆக்குனவ முதல்ல திங்கணும் தங்கமணி. அப்பத்தான் நாளைக்கு எவனும் நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசமாட்டான். ஊத்து... ம். பிஸ்மில்லா... அல்ஹம்துலில்லா! கூப்பிடு புள்ளைங்களை!

*

— எழுதிட்டாரு லாத்தா! தாசில்தாரு எழுதிட்டாரு! பதினாலு பேரையும்!

— மெதுவா, மெதுவா. இந்த அடுப்பாண்டயிருந்து எனக்கு ஒண்ணும் கேக்கல, மூச்சு விட்டுட்டுச் சொல்லு.

— வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வரப்புலயே நடந்து வந்தாரு மனுஷன். 'உன் புருஷன் எங்கம்மா?'ன்னாரு. 'அவரு உள்ள இருக்காரு, நான் நிலத்துல இருக்கேன்'னேன். நிமிந்து ஒரு பார்வை பாத்தாரு. 'உம்பேரு?'ன்னாரு. தங்கமணின்னு எழுதுனாரு லாத்தா. எம்பேரு! சர்க்காரு பொஸ்தகத்துல!

— அதுக்கு ஏன் அழுவுற?

— அழுவல. கஞ்சியில மொளவு தூக்கல்.

— இப்பத்தான் மொளவு தெரியுதாக்கும்! கண்ணைத் துடை, காரியஸ்தர் வர்றாரு.

— வாங்க நடராசனய்யா, வாங்க! காலரா வேனைக் காணுமே?

— வாயை அடக்கு தங்கமணி. ஒருத்தருக்குமா வயித்து வலி வரல?

— அறுபத்திரண்டு வயிறு. ஏப்பத்தைத் தவிர ஒண்ணும் வரல.

— நேத்துப் பொழுது சாயறதுக்குள்ள கும்பல் கலைஞ்சுடும்னு பண்ணையார்கிட்ட சத்தியம் பண்ணியிருந்தேன். கெடுத்துட்டீங்களே! உங்களுக்குச் சோறு போட்டது யாரு? எனக்கு அது தெரிஞ்சாகணும். பண்ணையார் அந்த ஆளைச் சும்மா விடமாட்டாரு.

— யாருன்னு நினைக்கிறீங்க காரியஸ்தரே?

— மெஹராஜம்மா, கல்யாண வீட்டை விட்டுட்டு நீங்க இங்க என்ன பண்றீங்க? இது உங்களுக்குச் சம்பந்தமில்லாத விவகாரம். வெளியூருச் சங்கத்து ஆளுங்க பண்ற வேலை. மூணு பஸ்ஸுல கொடி கட்டிக்கிட்டு வர்றானுங்கன்னு நேத்துக் காலையிலயே தகவல் வந்துடுச்சு. பண்ணையாரே நேர்ல நின்னு மதகைத் தூக்கச் சொல்லி ரோட்டை மூழ்கடிச்சாரு. அதையும் மீறி எப்படி உள்ள வந்தானுங்கன்னுதான் புரியல.

— மதகைத் தூக்கினது நீங்களா? கரை உடைஞ்சுபோச்சுன்னு ஊரெல்லாம் சொன்னாங்களே!

— நாங்கதான். அதுக்கென்ன இப்ப?

— அந்த பஸ்ஸுல கட்டியிருந்தது பச்சைக் கொடியா?

— பச்சைதான். எந்த நிறமா இருந்தா என்ன, கொடி கட்டுன பஸ்ஸுன்னா சங்கத்து ஆளுங்கதானே? தூரத்துலேருந்து நானே பாத்தேன்.

— அது கல்யாணக் கொடி காரியஸ்தரே. மூணு பஸ்ஸும் எம்பொண்ணு நிக்காஹ் பந்திக்கு வந்த சனம். நீங்க விட்ட தண்ணியில அவங்க திரும்பிப் போனாங்க. அவங்க தின்ன வேண்டிய கோழியைத்தான் நேத்தும் இன்னைக்கும் இவங்க தின்னாங்க.

— என்னம்மா சொல்றீங்க?

— சோறு போட்ட ஆளு யாருன்னு கேட்டீங்கல்ல? ஓடிப்போய்ப் பண்ணையார்கிட்டயே சொல்லுங்க, அவருதான்னு.