மூழ்கிய கப்பலில் தட்டும் சத்தம்

உலகச் சண்டைக்காலம். மூதூருக்குப் போகும் லாஞ்சிப் படகில் எனக்கு முன் வாங்குப் பலகையில் இருந்த சல்லி ஊர் மீனவர் ஒருவர், தன் மைத்துனரிடம் சொன்னார்:

“அந்த இங்கிலீசு நேவிக் கப்பல் தாண்டு அடியில போய் நாலு மாசம், மச்சான். உள்ளுக்கிருந்து இன்னும் தட்டிற சத்தம் கேக்குது.”

“விசர்க்கதை கதையாதை.”

“நான் மட்டும் கேக்கேல்ல. நேவியில பென்சன் எடுத்த வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் கடல் சண்டையளைப் பற்றிப் புத்தகம் எழுதிறார். அந்த இடத்தைப் பாக்க நேற்று என்ர தோணியில வந்தவர். கப்பல் தாண்ட பிறகு என்ன கண்டனீ எண்டு கேட்டார்.”

“நீ என்ன சொன்னனீ?”

“உள்ளதைச் சொன்னன். தாண்ட கையோட மூண்டு நாளா உள்ளுக்கிருந்து தட்டிற சத்தம் கேட்டது. போகக்கூடாத இடத்தில வலை போட்டனான் எண்டு பிடிப்பாங்கள், அந்தப் பயத்தில ஒருத்தருக்கும் சொல்லேல்ல எண்டன்.”

மைத்துனர் அவர் பக்கம் திரும்பினார்.

“ஏசினாரோ?”

“இல்லை. எழுதின கொப்பியை மூடினார். தோணிக்குள்ள குப்புறப் படுத்து, பலகையில காதை வைச்சு, விரலை மடக்கி மூண்டு தரம் தட்டினார்.”

“பிறகு?”

“கீழயிருந்து மூண்டு தரம் கேட்டது. கரைக்குத் திரும்பினம். இறங்கேக்கதான் சொன்னார், தன்ர மகனும் அதுக்குள்ளயாம்.”

லாஞ்சி அந்த இடத்துப் பக்கமாகத் திரும்பியது. இருவரும் பலகைத் தரையிலிருந்து பாதங்களைத் தூக்கி வாங்கில் வைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே செய்தேன்.