சடுகுடு மனப்பாடம்

காஞ்சிபுரம் ஸ்டேஷனில் செங்கல்பட்டு ரயில் கிளம்பக் காத்திருந்தோம். எதிர்ப் பலகையில் புடவை மூட்டையோடு ஒரு நெசவாளி. அவர் பக்கத்தில் ஐயம்பேட்டைச் சிநேகிதர். நெசவாளி திடீரென்று சொன்னார்:

“எங்க ஊரு பள்ளிக்கூடத்து வாத்தியார் சடுகுடுவை மனப்பாடம் பண்ணச் சொல்றாருபா.”

நான் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன்.

“சடுகுடுவையா?” என்றார் சிநேகிதர்.

“இன்ஸ்பெக்டர் வந்து, பசங்களை வெளிய ஆட வுடுங்க, அப்பதான் உடம்பும் புத்தியும் வளரும்னு சொல்லிட்டுப் போனாரு. இவரு ஆட்டத்து விதியைப் பலகையில எழுதிப் போட்டு ஒப்பிக்கச் சொல்றாரு. தப்பா சொன்னா வெயில்ல நிக்கணும்.”

“அடப்பாவமே! உன் புள்ளை?”

“மொத நாளே தப்பா சொன்னான். வெளிய ஏற்கெனவே நாலு பேரு நின்னுக்கினு இருந்தானுங்க. எத்தினி நேரம் சும்மா நிப்பானுங்க? கோடு கிழிச்சு ஆட ஆரம்பிச்சுட்டானுங்க. இப்ப வேணும்னே தப்பா சொல்றான்.”

“நீ கண்டிக்கலையா?”

“எதுக்கு? நூலாட்டம் இருந்தவன் இப்ப ரெண்டாந்தரம் சோறு கேக்கறான். எந்தக் கட்சி எத்தினி ஜெயிச்சுதுன்னு கூட்டிக் கூட்டிக் கணக்குகூட வந்துடுச்சு.”

“அப்ப உள்ள யாருதான் இருக்காங்க?”

“வாத்தியார் புள்ளை ஒருத்தன்தான். ஊட்டுலயும் அப்பன்கிட்ட ஒப்பிச்சு ஒப்பிச்சு, பாவம், அவனுக்குத் தப்பே வர மாட்டேங்குது. எம் புள்ளைதான் தெனம் சாயங்காலம் அவனை உக்காரவெச்சுத் தப்பா சொல்லக் கத்துக் குடுத்துக்கினு இருக்கான்.”