நாய்த் திருநாளில் பெண் பார்க்கப் போன கதை

– ஒல்லியா, நீளமா இருந்தா?

– சிருபாதே! சிருபாதே, சிருபாதே. சிருப்புல்லு இலை மாதிரி இருக்கறதால அந்தப் பேரு.

– வயிறு அகலமா, கனமா?

– போஜ்புரே.

– முதுகுல குழி வாங்கியிருந்தா?

– அது... சிர்ரா?

– அட என் அண்ணே! அது ஆங்கோலா. கோடு கோடா வாய்க்கால் இழுத்திருந்தாத்தான் சிர்ரா. ஹவில்தார் முன்னாடி இப்படி உளறினே, அவரு பொண்ணு ஜஸ்மாயாவ அடுத்தவன் கல்யாணத்துலதான் பாப்பே. கேட்டியா?

– வாயைக் கழுவு, சுக்மாயா! தரான்ல பஸ் ஓட்டறவனுக்கு எதுக்கு இத்தனை குக்ரிக் கத்திப் பேரு?

– உனக்கு முன்னாடி பொண்ணு கேட்டு வந்த மூணு பேரும் அதைத்தான் கேட்டாங்க. ஹவில்தார் டீகூடக் குடுக்காம அனுப்பிட்டாராம். சுவத்துல மாட்டியிருக்கறது ஒவ்வொண்ணையும் காட்டிப் பேரு கேப்பாராமே?

– சாகேலா ஆட்டத்துல அவளை ஒரே ஒரு தடவை பாத்தேன், அதுவும் பத்தடி தூரத்துல. ஆறு மாசமா ஸ்டியரிங்கைப் பிடிச்சா அவ மூஞ்சிதான் தெரியுது. இவ இல்லேன்னா... ஐயோ!

– என்ன?

– நாய்! கன்னுக்குட்டி சைஸுல இருக்கு!

– ஹவில்தார் வீட்டு நாயாத்தான் இருக்கும். ஓடாதே! ஓடினா துரத்தும்.

– ஓடலை. குனிஞ்சு கல்லெடுத்தாலே எந்த நாயும் ஓடும். இரு.

– கீழ போடு! கழுத்துல மாலையப் பாத்தியா, நெத்தியில சிவப்புத் திலகம்! இன்னைக்கு நாய்த் திருநாள். வருஷத்துல இந்த ஒரு நாள் நாயைக் கும்பிடுவாங்க, நீ போற வீட்டு நாய் மேலயே கல்லெறியப் போறியா?

– போட்டுட்டேன், போட்டுட்டேன்! மாலை போட்டாலும் பல்லு அதே பல்லுதானே? லீவு கிடைச்ச சந்தோஷத்துல நாளைப் பாக்காம கிளம்பிட்டேனே!

– கண்ணைப் பாக்காதே. பக்கவாட்டுல திரும்பி நில்லு. கூடையில இருக்கற சேல் ரொட்டியப் போடு.

– மாமனாருக்குக் கொண்டுவந்ததாச்சே!

– மாமனாராகற வரைக்கும் உயிரோட இருக்க வேணாமா? போடு!

– இந்தா, தின்னு! இந்தா, இன்னொண்ணு! சுக்மாயா, மோந்துகூடப் பாக்கலையே!

– காலையிலேருந்து ஊரே அதுக்குப் படைச்சிருக்குதுங்க. வயித்துல இடம் ஏது?

– யாரது? யார் பேசினது?

– இங்க, மரத்து மேல. மாட்டுக்குத் தழை வெட்டிக்கிட்டு இருக்கேன்.

– அக்கா! புண்ணியமாப் போகும், இறங்கி வந்து நாயைப் பிடிங்க!

– இறங்க நேரமாகும். ஆனா நான் சொன்னா உக்காந்துடும். கத்திப் பரீட்சைக்குத்தானே வந்தீங்க? முதல்ல எனக்குப் பதில் சொல்லுங்க. குக்ரி உறைக்குப் பின்னாடி ரெண்டு சின்னக் கத்தி செருகியிருக்குமே, பேரு என்ன?

– அக்கா, அது உறுமுது!

– ம்ம். எனக்கும் கேக்குது.

– கர்தா! சக்மக்! வெட்டறது கர்தா, மொண்ணையா இருக்கறது சக்மக். தீட்டறதுக்கு, நெருப்புத் தட்டறதுக்கு!

– பிடிக்குப் பக்கத்துல அலகுல ஒரு வெட்டு இருக்குமே?

– கௌடா! சுக்மாயா, என் பின்னாடி வா. இன்னும் பின்னாடி!

– என்னை ஏன்ண்ணே தள்ளறே? உனக்குத்தானே நாய்னா பயம்!

– இருக்கட்டும். கடிச்சா என்னைக் கடிக்கட்டும்.

– கடைசிக் கேள்வி. இதோ, என் கையில இருக்கறது. இலையை விலக்கறேன், நல்லாப் பாருங்க. பேரு என்ன?

– பிடிப் பக்கம் ஒல்லியா, சிருபாதே மாதிரி... வயிறு போஜ்புரே... முனையே காணோம்...

– ஏதாவது ஒண்ணச் சொல்லித் தொலைண்ணே! பக்கத்துல வந்துடுச்சு!

– தெரியலை.

– அண்ணே!

– சத்தியமாத் தெரியலை. இல்லாத பேரைச் சொல்லி என்ன செய்ய? அக்கா, எனக்கு இது தெரியாது.

– போச்சு. எல்லாம் போச்சு. அக்கா, உங்க காலைப் பிடிக்கறேன், ஹவில்தார்கிட்ட மட்டும் இதைச் சொல்லிடாதீங்க. எங்கண்ணன் ரொம்ப ஆசையா வந்திருக்கான்.

– அவருகிட்டச் சொல்லி என்ன? அவரு பட்டாளத்துல சோறாக்கினவரு. வெங்காயம் நறுக்கற கத்தியத் தவிர வேற தெரியாது. அவரு கேக்கற கேள்வியெல்லாம் நான் சொல்லிக் குடுத்தது.

– நீங்க சொல்லிக் குடுத்ததா?

– பிடிக்காதவங்கள அனுப்ப வேற வழி? இது உடைஞ்ச குக்ரி, நானே தீட்டித் தழை வெட்ட வச்சிருக்கேன். இதுக்குப் பேரே கிடையாது. முன்னாடி வந்த மூணு பேரும் தெரிஞ்ச மாதிரி ஆளுக்கொரு பேரு வச்சுட்டுப் போனாங்க.

– சுக்மாயா... அப்போ இது... ஜஸ்மாயாவா!

– அக்கான்னு கூப்பிட்டதைக் கல்யாணத்துக்கு முன்னாடி மறந்துடுங்க. டேய் காலே, பல்லை மூடு! இவரு நம்ம வீட்டு ஆளு.