முட்டையில்லாப் பெட்டி

கயானோ: ஏய், வட்டத்தை விட்டு வெளிய வராதே!

இசோமுரா: கால் மரத்துப் போச்சு, கயானோ. தரையில சாக்பீஸால வட்டம் போட்டு, "உள்ளயே நின்னு, சாப்பாட்டுப் பெட்டி அடைக்கற வரிசையைப் பாரு"ன்னு சொல்லிட்டு நீ பாட்டுக்குப் போயிட்டே. நான் பிரிவுத் தலைவன், தெரியுமில்ல?

கயானோ: ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவங்க நாம. எனக்கு நீ என்ன தலைவன்? கையை ஏன் பின்னாடி கட்டியிருக்கே?

இசோமுரா: குளிருது.

கயானோ: இவ்வளவு சோத்து ஆவியிலயா!

இசோமுரா: நீ எங்க போனே?

கயானோ: வரிசைக் கடைசியில நின்னேன். அதை விடு. மத்தியானம் மேனேஜர் கேப்பார், தப்பான பெட்டியைப் பிடிக்கக் கேமரா வாங்கறதா, வேற வழி இருக்கான்னு. கேமரா வந்தா இங்க நிக்கறவங்கள்ல பாதிப் பேர் வீட்டுக்குத்தான்.

இசோமுரா: அந்தக் குட்டிப் பொண்ணு...

கயானோ: ஆஸ்பத்திரியிலேருந்து வந்துட்டா. முட்டையே ஆகாத பிள்ளை. முட்டையில்லாததுன்னு நம்பி ரயில்ல நம்ம பச்சை விளிம்புப் பெட்டியைத் திறந்தா, பூசணி இருக்க வேண்டிய இடத்துல முட்டைச் சுருள். மூச்சே முட்டிடுச்சாம்.

இசோமுரா: இவங்க எழுதித் தர்ற தப்பை வச்சுப் போடற என் வரைபடத்துல ஒண்ணுகூட இல்லையே...

கயானோ: மறுபடியும் வரைபடமா!

இசோமுரா: இரு, சொல்ல விடு. இப்பத்தான் புரியுது. அங்க பாரு... முட்டை வைக்கற இடத்துல ஷிமோடா அம்மா.

கயானோ: பாத்தேன். முட்டை வைக்கற சிவப்புப் பெட்டியாவே வந்த பழக்கத்துல, பச்சைப் பெட்டியிலயும் முட்டையை வச்சுட்டாங்க.

இசோமுரா: பக்கத்துல ஓகி அம்மா கையைப் பாரு...

கயானோ: அம்மாடியோவ்!

இசோமுரா: இந்தக் கையால முட்டையை எடுத்தாங்க, அந்தக் கையால பூசணியை வச்சாங்க. பெட்டி நிக்கவே இல்ல. முகத்துல ஒரு சலனமாவது? புல்லரிச்சுப் போச்சு எனக்கு.

கயானோ: ஷிமோடா அம்மா கவனிக்கவே இல்ல.

இசோமுரா: கவனிக்கக் கூடாதுன்னுதானே! தெரிஞ்சா அவங்க தலைகுனிவாங்க. வரிசை முழுக்க இப்படித்தான். ஒருத்தர் தப்பை அடுத்தவர் கை துடைச்சுடுது. ஒரு வார்த்தை இல்ல... இத்தனை வருஷமா இதுக்கு நடுவுல நடந்து போயிருக்கேன், பாக்கலையே!

கயானோ: அப்ப அந்தப் பொண்ணோட பெட்டி?

இசோமுரா: ரெண்டு பச்சை அடுத்தடுத்து வந்தா? ஓகி அம்மா கை முதல் பெட்டியில இருக்கும். ரெண்டாவது...

கயானோ: போயே போயிடும்.

இசோமுரா: கேமரா அதைக் கடைசியில பிடிக்கும். தப்பு எங்க பொறந்துதுன்னு சொல்லாது. என் வரைபடமும் சொல்லாது, ஏன்னா பக்கத்துல நிக்கறவங்க தப்பை யாரும் எழுத மாட்டாங்க.

கயானோ: அவங்க தலைக்கு மேலதான் கயிறு தொங்குதே. தப்பைக் கண்டா இழுத்து வரிசையை நிறுத்தத்தானே அது!

இசோமுரா: கயிறே இழுக்காத வரிசைன்னு பாராட்டுப் பலகை குடுத்தது யாரு?

கயானோ: நீ.

இசோமுரா: என் கையாலயே மாட்டினேன்... அட கடவுளே.

கயானோ: அழாதே. வழியைச் சொல்லு.

இசோமுரா: பச்சைப் பெட்டியில பூசணியை முதல்லயே வச்சு அனுப்பிடுவோம். முட்டை வைக்க நினைச்சாலும் இடமே இருக்காது.

கயானோ: அட, இவ்வளவுதானா! அப்படின்னா யாரும் வீட்டுக்குப் போக வேணாம்.

இசோமுரா: ஆனா அதுக்கு முன்னாடி கயிறு. தப்பை வெளிய சொன்னா தலை போயிடாதுன்னு அவங்க கண்ணால பாக்கணும். இழுத்தவருக்கு நாம குனிஞ்சு நன்றி சொல்லணும்.

கயானோ: முதல்ல யார் இழுக்கறது?

இசோமுரா: நீ இழு.

கயானோ: தலைவர் நீதானே! இப்ப மட்டும் நானா?

இசோமுரா: என்னால முடியாது, கயானோ. இழுத்தா எந்தப் பெட்டி, யார் வச்சதுன்னு சொல்லணும்...

கயானோ: கையைக் காட்டு.

இசோமுரா: எதுக்கு...

கயானோ: காட்டுன்னா காட்டு! ...முட்டையா? வட்டத்துக்குள்ள நின்னுக்கிட்டேவா?

இசோமுரா: ரெண்டாவது பச்சையை ஓகி அம்மா தவறவிட்டுட்டாங்க. பெட்டி என்னைத் தாண்டிப் போச்சு. கை தானா போயிடுச்சு... எடுத்துட்டேன். அவங்க பேரைச் சொல்ல வாய் வரல. அந்தப் பெட்டி பாதி வெறுமையா போயிருக்கும். எந்த ஊருக்குப் போச்சோ...

கயானோ: வெறுமையா போகல. வா, ரெண்டு பேருமே சேர்ந்து கயித்தை இழுப்போம்... அங்க கடைசியில நின்னு, யாருக்கும் தெரியாம அந்தப் பெட்டியில பூசணியை வச்சது நான்தான்.