வேணாம் என்றால் சம்மதம்

வேடசந்தூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் தன் தம்பியிடம் சொன்னார்: "நாளைக்கு உன் மச்சான் வேணாம்னு சொன்னா சம்மதம்னு அர்த்தம்டா."

பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் கணவருக்கு எல்லாம் புரியுமாம். வாயில் மட்டும் அந்த ஒரு வார்த்தைதான் வருமாம். கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தலையாட்டினார்.

"நிச்சயத்துல உன் மகளுக்குத் தட்டு மாத்துறப்ப வேணாம்னா மாப்பிள்ள வீட்டாளுக எந்திரிச்சுப் போயிருவாகக்கா. பேசாம நானே தட்ட வாங்கிக்கிறேன்."

"பெத்தவரு குத்துக்கல்லாட்டம் இருக்கையில நீ எதுக்கு? வாயப் பாக்காதீக, தலையப் பாருங்கன்னு சம்பந்திகிட்டச் சொல்லிட்டேன்."

"நெசமாவே அவருக்குப் புடிக்கலன்னா?"

"அவரு கையில இருக்குற தட்டு உன் மண்டைக்குப் பறந்து வரும்."

கணவர் எட்டி, மச்சினனின் வழுக்கையைத் தடவிப் பார்த்துவிட்டுக் குலுங்கிச் சிரித்தார்.